வாசித்துவிட்டு வைத்த கையெழுத்து

தம்பி,

நீ நலம் என்பது எனக்குத் தெரியும். போன சனிக்கிழமை மத்தியானம் என் குசினியில் நின்றபடியே இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்து, சட்டியில் கிடந்த கணவாய்க் கறியையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாய். முழங்காலைத் தவிர நானும் நலம். அன்றைக்கு நீ ஒரு செய்தியோடு வந்தாய். "அப்பா, இமிக்ரேசன் டிப்பார்ட்மென்டில இருந்து லெட்டர் வந்திருக்கு. அவையின்ர அட்வைசறி கொமிற்றியில எங்கட ஆக்களுக்கு என்னை ரெப்ரசென்டேற்றிவா இருக்கச் சொல்லிக் கேக்கினம்," என்றாய். பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய அன்றுகூட உன் முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை நான் பார்க்கவில்லை. நான் "அப்பிடியே?" என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். "வாட், அப்பா? யூ ஆர் நொட் ஹப்பி?" என்று கேட்டாய். நான் கணவாய் உறைப்போ என்று கேட்டேன். நீ சப்பாத்தைக் காலில் கொழுவிக்கொண்டு காரை எடுத்துப் போய்விட்டாய். வெள்ளிக்கிழமைக்குள் நீ அவர்களுக்குப் பதில் எழுதவேண்டும். அதற்கு முன்னர் நான் உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நேரே வந்து சொல்லலாம். ட்ருகனினாவிலிருந்து உன் கிளேட்டன் வீட்டுக்குப் பாலம் தாண்டி வர ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் என்னை எனக்குத் தெரியும். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதி வழியிலேயே எனக்கு ஒரு நல்ல பெயரைத் தேடி எடுத்துவிடுவேன். பன்னிரண்டு வருசமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எழுதினால் எழுதியதைத் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கும், வாசித்தால் வெட்கம் வரும், வெட்கம் வந்தால் திருத்துவேன் என்று நினைக்கிறேன். இன்னொன்று, இது உனக்கும் எனக்கும் மட்டும் சொந்தமான விசயம் அல்ல. பதினொரு ஆம்பிளைகளுக்கும் அவர்களின் வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. அதனால் உனக்கு அனுப்பிய கையோடு இதே கடிதத்தை எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். வாழ்த்துச் செய்திக்கும் பல்வைத்தியர் விளம்பரத்துக்கும் நடுவில் அவர்கள் இதைப் போடுவார்களோ தெரியாது. போடாவிட்டால் போட்டோக்கொப்பி எடுத்து நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

உன்னை அவர்கள் ஏன் தேடி வந்தார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பிரிங்வேலில் அந்தச் சின்ன மண்டபத்தில் உட்கார்ந்து, விசாக் கடிதம் வந்தவர்களுக்கு அதை வாசித்து விளங்கப்படுத்துகிறாய். சனம் உன்னை நம்புகிறது. உன்னிடம் ஆங்கிலமும் இருக்கிறது, நிரந்தர விசாவும் இருக்கிறது, படகில் வந்த கதையும் இருக்கிறது. இப்படி மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்த ஆள் அவர்களுக்கு லேசில் கிடைக்காது. கொமிற்றியில் பேசுவதை வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருப்பதாக நீ சப்பாத்துப் போடும்போது சொன்னாய். அதைச் சொன்ன விதத்தில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. நான் பயந்தது அந்த இடத்தில்தான்.

உன்னுடைய வருங்கால மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் என் கதைக்கு வரமுடியாது. வில்லமோடு நான் ஆறு வருசம் ஒரே வெயார்ஹவுசில் பெட்டி தூக்கினேன் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலையிடத்து பார்பிக்கியூவுக்கு உன்னைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனதால்தான் அவருடைய மகளை நீ கண்டாய், அதற்கு இன்றுவரை நீ எனக்கு நன்றி சொன்னதில்லை. அவர்கள் நமீபியா நாட்டில் ரெஹோபோத் என்ற ஊர்க்காரர். பாஸ்டர் என்பது அவர்களுடைய இனத்தின் பெயர். வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் அந்த மண்ணின் தாய்க்கும் கலப்பில் பிறந்தவர்கள் என்று மற்றவர்கள் மூக்கைச் சுளித்துச் சொன்ன வசைச்சொல் அது. அவர்கள் அதையே எடுத்துத் தங்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் நான் அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்கியபோது வில்லம் சிரித்துவிட்டு, சத்தமாகச் சொல்லு என்றார். நாங்கள் இரண்டு பேரும் பேசியது உடைந்த ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் எழுதுவதால் அவர் எங்கள் ஊர் வடமராட்சிக்காரர் மாதிரிப் பேசுவார், பொறுத்துக்கொள்.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாக அவர் சொன்ன கதையைச் சேர்த்துச் சொல்கிறேன். அவர்களுடைய ஆட்கள் தென்னாபிரிக்காவின் கேப் பக்கத்தில் நிலமில்லாமல் விரட்டப்பட்டு, மாட்டுவண்டிகளில் ஆறு கடந்து வடக்கே போய் ரெஹோபோத்தில் குடியேறினார்கள். தங்களுக்கென்று சட்டம் எழுதி, அதற்குத் தகப்பன்மாரின் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். தலைவரைத் தாங்களே தெரிந்தெடுத்தார்கள். அவருக்குக் கப்தைன் என்று பெயர், பக்கத்தில் ஒரு சபை. பிறகு ஜெர்மன்காரர் வந்தார்கள். வந்தவர்கள் சண்டை பிடிக்கவில்லை, ஒரு உடன்படிக்கைத் தாளை நீட்டினார்கள். உங்கள் கப்தைனை நாங்கள் அங்கீகரிக்கிறோம், உங்கள் சட்டமே உங்களுக்கு, என்று அதில் இருந்தது. "அங்கீகரிச்சது தான் பிழை," என்றார் வில்லம். "அதுவரைக்கும் கப்தைன் எங்கட ஆள். அதுக்குப் பிறகு அவங்களும் அவரைக் கப்தைன் எண்டு கூப்பிடத் தொடங்கினாங்கள்." கூப்பிட்டவர்கள் கேட்கவும் தொடங்கினார்கள். மற்ற இனங்களோடு தாங்கள் செய்த சண்டைகளுக்கு ஆள் தா என்றார்கள், கப்தைன் கொடுத்தார். உலகப்போர் வந்தபோது கைதிகளைக் காவல் காக்க ஆள் தா என்றார்கள். அந்தக் கைதிகளில் தங்களைப் போன்ற நிறத்தவர்களும் இருந்ததைக் கண்டு பாஸ்டர்கள் மறுத்தார்கள். மறுத்ததும் ஜெர்மன்காரர் அவர்கள் மேலேயே பாய்ந்தார்கள். சனம் பெண்டு பிள்ளைகளோடு மலைக்கு ஓடியது.

ஜெர்மன்காரர் போரில் தோற்றுப்போன பிறகு தென்னாபிரிக்கா வந்தது. இனி நல்ல காலம் என்று பாஸ்டர்கள் நம்பினார்கள். அதுவும் ஒரு தாளை நீட்டியது. இந்த முறை, உங்களை அங்கீகரிக்கிறோம் என்பதோடு, எங்கள் சட்டத்துக்குக் கீழே இருங்கள் என்றும் அதில் இருந்தது. கப்தைனும் சபையும் கையெழுத்து வைத்தார்கள். ஊர் கொதித்தது. எங்களைக் கேட்காமல் எப்படி வைத்தீர்கள் என்று சொல்லி, சனம் கூடித் தங்களுக்கு வேறு கப்தைனையும் வேறு சபையையும் தெரிந்தெடுத்தது. அரசாங்கம் சொன்னது, எங்களுக்குத் தெரிந்தது பழைய ஆட்களைத்தான், புது ஆட்களை எங்களுக்குத் தெரியாது என்று. பிறகு இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லி ஒரு மாஜிஸ்திரேட்டைக் கப்தைனின் கதிரையில் இருத்தியது. சனம் அடங்கவில்லை. ஒரு நாள் ஊரைச் சுற்றிப் படை நின்றது, மேலே விமானம் சுற்றியது, நூற்றுக்கணக்கில் ஆட்களைப் பிடித்தார்கள். வில்லமின் பூட்டன் பிடிபட்டவர்களில் ஒருவர் இல்லை. அவர் முதலில் கையெழுத்து வைத்த சபையில் இருந்தவர்.

மாஜிஸ்திரேட் தனக்கு ஆலோசனை சொல்ல வைத்துக்கொண்ட குழுவில் பூட்டனும் இருந்தார், பிறகு விலகப் பார்த்தாராம். மாஜிஸ்திரேட்டிடம் போய், நான் இனி இதில் இல்லை என்றார். மாஜிஸ்திரேட் கோபிக்கவே இல்லை. நல்லது, அப்படியென்றால் உங்கள் நிலப் பிரச்சினைகளையும் நானே பார்த்துக்கொள்கிறேன், யாரையும் கேட்கத் தேவையில்லை, என்றார். பூட்டன் வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்துவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்தார். சாகும்வரை அந்தக் குழுவில் இருந்தார். இரண்டொரு குடும்பத்தின் நிலத்தைக் காப்பாற்றினார் என்று வீட்டார் சொல்வார்கள். ஆனால் தேவாலயத்தில் அவர் இருந்த வாங்கில் வேறு யாரும் வந்து இருக்கவில்லை. வீட்டில் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள், பரம்பரை பரம்பரையாக. கிழவனுக்கு வாசிக்கத் தெரியாது, என்ன தாள் என்று தெரியாமல் வைத்துவிட்டார், என்பதுதான் அது. வில்லமும் அதைச் சொல்லித்தான் வளர்ந்தார்.

அவருடைய தாய் அங்கே செத்தபோது போய்வந்தார் அல்லவா, அப்போது வீட்டுப் பைபிளைக் கொண்டுவந்தார். ஒரு நாள் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து முதல் பக்கத்தைக் காட்டினார். பிள்ளைகள் பிறந்த நாள், ஞானஸ்நானம், சாவு, எல்லாம் மை தொட்டு எழுதிய அழகான எழுத்து. அடியில், அதே எழுத்தில், பூட்டனின் பெயர். வில்லம் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார். பிறகு, "வாசிக்கத் தெரிஞ்ச மனுசன்," என்றார். "எல்லாத்தையும் வாசிச்சுப் போட்டுத்தான் வைச்சிருக்கிறார்." நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். எழும்பிப் போய்விட்டேன். அன்று பின்னேரம் முழுக்கப் பிழையான பெட்டிகளைப் பிழையான இடத்தில் ஏற்றி, சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினேன்.

இனி என் கதை. படகில் வந்த எங்களைத் தடுத்து வைத்திருந்த முகாமில் நான் லீடராக இருந்தது உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆளைத் தாருங்கள், அவரோடு நாங்கள் பேசுவோம் என்று அதிகாரிகள் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் கை உயர்த்தி என்னைத் தெரிந்தெடுத்தார்கள், ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கடிதம் எழுதும் கிளாக்காக இருந்தவன், நாலு சொல் ஆங்கிலம் தெரியும் என்று. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். எனக்கு ஒரு கதிரை போடுவார்கள், பெயரைக் கேட்டு வணக்கம் சொல்வார்கள். நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. குழந்தைப்பிள்ளைத் தாய்மாருக்குச் சுடுதண்ணிப் போத்தல் வாங்கிக் கொடுத்தேன். சோற்றுக்குப் பச்சைமிளகாய் வரச் செய்தேன். ஆட்கள் என்னைக் கண்டால் எழும்பி நின்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தனியாக வந்த பெடியன்கள் பதினொரு பேரும் எங்கள் பகுதியில்தான் இருந்தார்கள். அவர்களில் உன் அம்மாவின் தம்பி, உன் சுதன் மாமாவும் ஒருவன். இருபத்திரண்டு வயது, உன்னோடு கரம்போர்ட் விளையாடி வேண்டுமென்றே தோற்பவன். ஒரு செவ்வாய்க்கிழமை, தனி ஆண்களை வேறு இடத்துக்கு மாற்றினால் குடும்பங்களுக்கு நிம்மதியாக இருக்குமா என்று அதிகாரி கேட்டார். அடுத்த கிழமை விடியப்புறம் பதினொரு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாட்டுக்கு வெளியே உள்ள தீவு முகாமுக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அன்று அழுத சனத்துக்கு முன்னால் நான் ஒரு விளக்கம் சொன்னேன், நீயும் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாய். "நான் சம்மதம் சொல்லேல்ல. அவன் கதைக்கேக்க ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். அதை யெஸ் எண்டு எழுதிப் போட்டான்," என்றேன். எல்லாரும் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? ஆரும் ஏதும் சொன்னால், கேட்கிறேன் என்பதற்கு ஓம் ஓம் என்று தலையாட்டாத ஆள் எங்களில் யார் இருக்கிறார்கள். அந்த அதிகாரிக்கும், யோகாவில் சொல்கிற ஓம்தான் உங்களுக்கு யெஸ்ஸா என்று முன்னரே ஒரு பகிடி இருந்தது. பொய்க்கு வேண்டிய எல்லாமே தயாராக இருந்தது, நான் எடுத்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை நான் ஓம் ஓம் என்று சொன்னது உண்மை. வியாழக்கிழமை அந்தக் கூட்டத்தில் பேசியதைத் தட்டச்சு செய்து இரண்டு பக்கத் தாளாகக் கொண்டுவந்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். தனி ஆண்களை இடம் மாற்றுவதற்குப் பிரதிநிதிக்கு ஆட்சேபம் இல்லை என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஆட்சேபம் இல்லை என்பது கூட்டுறவுச் சங்கத்தில் நானே ஆயிரம் கடிதத்தில் எழுதிய வசனம், அதன் அர்த்தம் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கே மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். சொல்லமுடியாது என்றார். பிறகு அவராகவே, ஒத்துழைக்கிற பகுதிகளில் இருக்கும் குடும்பங்களை வெளியே விடுவது சுலபம் என்றார். அப்போது நீ வாய் திறந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. காலையில் போய் வேலிக்குப் பக்கத்தில் நிற்பாய், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாய். நான் சன்னலால் உன் முதுகைப் பார்த்தேன். கையெழுத்து வைத்தேன். இந்தப் பாரத்தை உன் தலையில் ஏற்றுவதற்காகச் சொல்லவில்லை. நீ கேட்கவில்லை, நீ பேசாமல் நின்றாய், அவ்வளவுதான். வைத்தது என் கை.

நாள் போகப் போகச் சனத்துக்கு என்மேல் ஒரு சந்தேகம் வந்து, அது வேறு ஒருவரைத் தெரிந்தெடுத்தது. எங்களோடு பேசுகிறவர் இவர்தான் என்று அதிகாரி என்னையே காட்டினார். நான் விலகுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பிரச்சினை இல்லை, அப்படியென்றால் இனிக் கூட்டமே தேவையில்லை, என்றார் சிரித்துக்கொண்டு. கூட்டம் இல்லையென்றால் சுடுதண்ணிப் போத்தலும் இல்லை. நான் திரும்பப் போய் அதே கதிரையில் உட்கார்ந்தேன். லீடர்ர மகன் என்று உன்னை யாரோ பகிடி பண்ண, நீ வந்து என்னிடம் சொன்னாய். அன்று நான் உனக்கு அடித்தேன். முகாமில் நீ திரும்பப் பேசத் தொடங்கிய முதல் வார்த்தை அது, அதற்குத்தான் அடி வாங்கினாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

நாங்கள் வெளியே வந்தோம். தற்காலிக விசா, பிறகு நிரந்தரம், உனக்குப் படிப்பு, இப்போது கலியாணம். ஒரே படகில் வந்த சுதன் மாமா ஆறு வருசம் தீவில் கிடந்து, வருத்தம் முற்றி, வைத்தியத்துக்கு என்று பிரிஸ்பேனுக்குக் கொண்டுவரப்பட்டான். தீவுக்குப் போனவர்களுக்கு இங்கே நிரந்தரம் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசா முடிய, அடுத்தது வருமோ வராதோ என்று காத்திருக்கிறான். அவனுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டாம் பக்கம்தான். அம்மா சாகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அவன் கோல் எடுப்பான். என்னிடமும் இரண்டு வார்த்தை பேசுவான். அம்மா என்னுடைய ஓம் கதையை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

நீ கொமிற்றிக் கடிதத்தோடு வந்துபோன மறுநாள் நான் அவனுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன், வாசித்துவிட்டுத்தான் வைத்தேன் என்று. "தெரியும் அத்தான்," என்றான். "ஏத்தேக்க அந்தப் பேப்பரைக் காட்டித்தான் ஏத்தினவங்கள். உங்கட கையெழுத்து எனக்குத் தெரியாதே? அக்கா இருக்கும்வரைக்கும் வாய் திறக்கிறேல்ல எண்டு இருந்தனான்." நான் வைக்காவிட்டாலும் அவங்கள் உங்களைக் கொண்டுபோயிருப்பாங்கள் என்று ஏதோ உளறினேன். "ஓம், கொண்டுதான் போயிருப்பாங்கள்," என்றான். "உங்கட கையெழுத்து இல்லாமல் கொண்டு போயிருப்பாங்கள்."

தம்பி, இந்தக் கொமிற்றிக்குப் போ என்றோ போகாதே என்றோ சொல்ல என்னால் ஏலாது. நீ போனால், சனத்தைக் கேட்டுத்தான் செய்தோம் என்று அவர்கள் எழுதுவார்கள், அதற்கு அடியில் உன் பெயர் இருக்கும். நீ போகாவிட்டால், கண்ணாடி போட்ட இன்னொரு கிளாக்கைக் கண்டுபிடிப்பார்கள், ஸ்பிரிங்வேல் சனத்தின் கடிதத்தைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வில்லமின் பூட்டன் மூன்று நாள் யோசித்தும் இதற்குள்ளேயிருந்து வெளியே வர வழி காணவில்லை. நானும் காணவில்லை. நீ காண்பாய் என்று சொல்லி உன்னை உசுப்பேத்த எனக்கு மனமில்லை. நல்ல மனுசனாக இருந்தால் தப்பலாம் என்றும் நினைக்காதே, பூட்டனும் நானும் போகும்போது நல்ல மனுசராகத்தான் போனோம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வைத்தால், வைத்தேன் என்று சொல். விளங்காமல் வைத்தேன் என்று உன் பிள்ளைகளை நம்பவைக்காதே. அந்தப் பொய், கையெழுத்தைவிடக் கூடக் காலம் இருக்கிறது.

உன் கலியாணத்துக்குத் தாய்மாமனாக வந்து நிற்கச் சொல்லி அன்று சுதனைக் கேட்டேன். "வாறன்," என்றான். "ஆனா முதல் நீங்கள் தம்பிக்குச் சொல்லவேணும். அவன் ஒண்டும் தெரியாமல் என்ர காலில விழுந்து கும்பிட நான் நிக்கமாட்டன்." அதனால்தான் இதை எழுதினேன், நானாகத் துணிந்து எழுதவில்லை. வாசித்து முடித்ததும் அவனுக்கு ஒரு கோல் எடு. அப்பா எல்லாத்தையும் சொல்லிவிட்டார் என்று நீ சொல்லவேண்டும். நான் சொன்னால் அவன் நம்பமாட்டான்.

அப்பா